58-ஆ, 60-ஆ? க்யூ ஆர்டர் கொடுக்கறதுக்கு முன்னாடி

கஸ்டம் க்யூ பண்ணித் தர்றவங்க அனுப்புற ஆர்டர் ஃபார்ம்ல மரம், டிசைன், எடை, டிப் சைஸ்னு ஏகப்பட்ட கட்டம் இருக்கும். பேர்ட்ஸ்-ஐ மேப்பிளா, கோகோபோலோவான்னு வாரக்கணக்கா மண்டையை உடைச்சுக்கற பசங்க, நீளம்னு இருக்கிற கட்டத்தை மட்டும் யோசிக்காம நிரப்பிடறாங்க. உசரமா, 60 போடு. குள்ளமா, 56 போடு. ரெண்டும் இல்லையா, 58. கதை முடிஞ்சது. மரம் மனசுக்குப் பிடிக்கலைன்னா கொஞ்ச நாள் வருத்தம், அப்புறம் பழகிடும். நீளம் பொருந்தலைன்னா ஒவ்வொரு ஷாட்லயும் உன் தோளும் மணிக்கட்டும் சொல்லிக்கிட்டே இருக்கும். அளவு சொல்லிப் பண்ணின க்யூவைப் பொதுவா யாரும் திருப்பி எடுத்துக்கவும் மாட்டாங்க.

அதனால, தம்பி, தங்கச்சி, யாரா இருந்தாலும் சரி, அட்வான்ஸ் அனுப்பறதுக்கு முன்னாடி அக்கா சொல்றதை ஒரு தடவை கேட்டுக்கோ. ஒரு இன்ச் டேப் வேணும். செல்போன்ல படம் எடுக்க ஒரு ஆள் வேணும். அவ்வளவுதான் செலவு.

இன்னிக்கு பூல் க்யூன்னா 58 இன்ச். சென்டிமீட்டர்ல 147. பின்பக்கம் தடிமனான பட் 29, முன்பக்கம் ஷாஃப்ட் 29, நடுவுல ஜாயின்ட். பழைய அமெரிக்க க்யூக்கள் நிறைய 57 தான். பார்லர் சுவத்துல மாட்டியிருக்கிற பொது ஸ்டிக்கும் பெரும்பாலும் அந்த அளவுதான். உலக பூல் சங்கத்தோட விதி, க்யூ 40 இன்ச்சுக்குக் குறையக் கூடாதுன்னு மட்டும்தான் சொல்லுது. அதிகபட்ச நீளத்துக்கு வரம்பே இல்லை. எடை 25 அவுன்ஸைத் தாண்டக் கூடாது, டிப் 14 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். நீ 62 இன்ச்ல பண்ணிக்கிட்டுப் போனாலும் ரெஃப்ரி வாயைத் திறக்க மாட்டார். தடுக்கிறது உன் கையும், நீ ஆடற இடத்தோட சுவரும் மட்டும்தான்.

அமெரிக்காவோட எர்ல் ஸ்ட்ரிக்லாண்ட் யு.எஸ். ஓபன் 9-பால் பட்டத்தை 5 தடவை ஜெயிச்சவர். பின்னாள்ல பட்டுக்குப் பின்னாடி நீளமான எக்ஸ்டென்ஷன் மாட்டிக்கிட்டு ஆட ஆரம்பிச்சார். அதுக்காக அவர் திடீர்னு வளர்ந்துடலை. உசரத்துக்கும் க்யூ நீளத்துக்கும் நேரடிக் கணக்கு ஒண்ணும் கிடையாதுன்னு புரிஞ்சுக்க இதுவே போதும்.

கை எங்க விழுதுன்னு பாரு

உனக்கு எது சரின்னு தீர்மானிக்கிறது உன் பின் கை. டிப் வெள்ளைப் பந்தைத் தொடுற அந்த நொடியில, முழங்கையிலேருந்து மணிக்கட்டு வரைக்கும் கை தூக்குக்குண்டு மாதிரி நேர் செங்குத்தா தொங்கணும். அப்படித் தொங்கும்போது உள்ளங்கை க்யூவுல எந்த இடத்துல விழுதோ அதுதான் உன் இயல்பான பிடி. அந்தப் பிடிக்குப் பின்னாடி எவ்வளவு க்யூ மிச்சம் இருக்குன்னு பாரு. நீளத்தைப் பத்தின எல்லாப் பேச்சும் இந்த மிச்சத்துலதான் இருக்கு.

இதை இப்படிச் செஞ்சு பாரு. சாதாரண 58 இன்ச் க்யூ ஒண்ணை எடுத்துக்கோ. வெள்ளைப் பந்தை மேஜை நடுவுல வெச்சு, எதிர்ல இருக்கிற பந்தைப் பார்த்து எப்பவும் குனியற மாதிரியே குனி. பிரிட்ஜ் கைக்கும் வெள்ளைப் பந்துக்கும் நடுவுல எப்பவும் நீ விடற இடைவெளி இருக்கட்டும். நிறைய பேருக்கு அது எட்டுலேருந்து பத்து இன்ச். ரெண்டு மூணு தடவை ஆட்டிப் பார்த்துட்டு, டிப் பந்தைத் தொடாத குறையா இருக்கிற இடத்துல அப்படியே நில்லு. படம் எடுக்கிற ஆள் உன் பக்கவாட்டுல, உன் முழங்கை உயரத்துக்கு போனை இறக்கிப் பிடிச்சு எடுக்கணும். மேலேருந்து எடுத்தா கோணம் பொய் சொல்லும். முழங்கை, மணிக்கட்டு, பட் முனையில இருக்கிற ரப்பர் பம்பர், மூணும் படத்துல விழுந்தாகணும்.

படத்துல கை செங்குத்தா இல்லைன்னா, பிடியை முன்ன பின்ன நகர்த்தி, செங்குத்தா வர்ற வரைக்கும் மறுபடி எடு. வந்ததும் சுண்டு விரலுக்குப் பின்னாடியிலேருந்து பம்பர் முனை வரைக்கும் டேப் வெச்சு அள. ரெண்டுலேருந்து அஞ்சு இன்ச் மிச்சம் இருந்தா 58 உனக்குக் கச்சிதம். வேற நீளத்தைப் பத்தி யோசிக்கவே வேண்டாம். ஒரு இன்ச்சுக்கும் குறைவா இருந்தாலோ, உள்ளங்கை பாதி பம்பரைத் தாண்டித் தொங்கினாலோ, உனக்கு நிஜமாவே நீளம் போதலை. ஏழெட்டு இன்ச் மிச்சம் இருந்தா க்யூ உனக்கு நீளம். ஆனா உடனே வெட்டச் சொல்லிடாதே, அதைப் பத்தித் தனியா சொல்றேன்.

செங்குத்து எதுக்குன்னு கேப்பே. முழங்கை அசையாம கை ஊஞ்சலாடும்போது, கை அதோட தாழ்வான இடத்துல இருக்கறப்பதான் க்யூ நேர்கோட்டுல போகும். நீளக் கைக்காரனுக்கு க்யூ பத்தலைன்னா, பிடிக்க இடமில்லாம கையை முன்னாடி கொண்டுவந்து பிடிப்பான். பந்தைத் தொடுறப்போ கை செங்குத்தைத் தாண்டி மேல ஏற ஆரம்பிச்சிருக்கும். பட் தூக்கும், டிப் இறங்கும். நடுவுல அடிக்கிறேன்னு நினைச்சு கீழ அடிப்பான். வெள்ளைப் பந்து சொல்லாமக் கொள்ளாம நின்னுடும், இல்லைன்னா பின்னாடி வரும். அளவுக்கு மீறிப் பின்னாடி தள்ளிப் பிடிக்கிறவங்களுக்கு இது நேர் தலைகீழ்: கை இன்னும் இறங்கிக்கிட்டிருக்கும், டிப் மேல ஏறும். இந்த ரெண்டு கோளாறையும் டிப் மேலயும் சாக் மேலயும் பழி போட்டுக்கிட்டு வருஷக்கணக்கா ஆடறவங்க எல்லா பார்லர்லயும் இருக்காங்க.

இன்னொரு அளவும் எடுத்து வெச்சுக்கோ. சுவத்துல முதுகை ஒட்டி நின்னு ரெண்டு கையையும் விரிச்சு, நடுவிரல் நுனியிலேருந்து நடுவிரல் நுனி வரைக்கும் அள. நிறைய பேருக்கு அது ஏறக்குறைய உசரத்துக்குச் சமமா வரும். ரெண்டு மூணு இன்ச் கூடுதலா வந்தா நீ நீளக் கைக்காரன். ஆறடி அண்ணனுக்கு 58 தாராளமா இருக்க, அஞ்சே முக்கால் அடி தம்பிக்கு இடிக்கிறது இதனாலதான். நீ நிக்கிற தோரணையும் இதுல சேரும். தாடை க்யூவை உரசற அளவுக்குக் குனிஞ்சு ஆடறவனுக்கும், பழைய ஆளுங்க மாதிரி பாதி நிமிர்ந்து ஆடறவனுக்கும் பின் கை ஒரே இடத்துல விழாது.

நம்ம ஊர்ப் பசங்களுக்கு இங்க ஒரு விஷயம் சொல்லணும். நம்மள்ல நிறைய பேர் ஸ்நூக்கர் மேஜையில கத்துக்கிட்டு அப்புறம் பூலுக்கு வந்தவங்க. அந்த ஆட்டத்துக்கு விதி எழுதி ஒட்டினதே 1882-ல ஊட்டி கிளப்லதான், அதனால அதுல நமக்கு ஒரு சொந்தம் உண்டுன்னே வெச்சுக்கலாம். ஸ்நூக்கர்ல பழகின கை பட்டோட கடைக்கோடியிலதான் பிடிக்கும். அங்க க்யூ நீளமும் 57, 58 தான். பின்னாடி ஒரு இன்ச் மிச்சம் இருந்தாலே அவங்களுக்கு நிம்மதி. நீ அப்படிப் பழகினவன்னா, படத்துல மிச்சம் கம்மியா தெரியுதேன்னு 60-க்கு ஓடாதே. கை செங்குத்தா இருக்கா, பிடி முழுசா மரத்து மேல இருக்கா? ரெண்டுக்கும் ஆமான்னா விட்டுடு.

குள்ளமா இருக்கிறவங்களுக்கு, முக்கியமா நம்ம பொண்ணுங்களுக்கு

"உனக்கு எதுக்கு இவ்ளோ நீளம், 54 போதும்"னு கடையில சொல்வாங்க. என்கிட்டயும் சொல்லியிருக்காங்க, அதுவும் நான் குனிஞ்சு நின்னதைக்கூடப் பார்க்காம. கேக்காதே. அஞ்சடிக்கு மேல இருக்கிற பெரியவங்க யாருக்கும் 56-க்குக் கீழ போக எனக்குக் காரணம் தெரியலை. 9 அடி மேஜையோட ஆடுகளம் 50 இன்ச் அகலம், 100 இன்ச் நீளம். எட்டாத ஷாட் நமக்குத்தான் அதிகம் வரும். அப்போ பிரிட்ஜ் கையை முடிஞ்ச வரைக்கும் நீட்டி, பின் கையை பட் முனைக்குக் கொண்டுபோய், இடைவெளி அதிகமா விட்டுத்தான் அடிச்சாகணும். அந்த நேரத்துல பின்னாடி சும்மா கிடந்த ஏழு இன்ச் உதவிக்கு வரும். அதை வெட்டிட்டு வந்தவ ஒவ்வொரு தடவையும் ரெஸ்ட் ஸ்டிக்கைத் தேடிக்கிட்டு நிப்பா.

நீ கேக்க வேண்டியது நீளக் குறைப்பு இல்லை. எடை எங்க நிக்குது, ராப் எங்க ஆரம்பிக்குதுங்கிற ரெண்டு மாற்றம். ஒரு விரல் மேல க்யூவைப் படுக்க வெச்சு, சாயாம நிக்கிற இடத்தைக் கண்டுபிடி. வழக்கமான க்யூவுல அது பம்பர்லேருந்து 18, 19 இன்ச்சுல இருக்கும். நீ எல்லாரையும் விட முன்னாடி பிடிக்கிறவ. அதனால உன் கைக்குப் பின்னாடி கனம் கூடுதலா தொங்கும், முன்பக்கம் லேசா மிதக்கற மாதிரி இருக்கும். அந்தச் சமநிலைப் புள்ளியை ஒரு இன்ச், ஒண்ணரை இன்ச் முன்னாடி தள்ளித் தரச் சொல்லு. பட்டுக்குள்ள இருக்கிற எடை போல்ட்டை இலகுவாக்கியோ, ஜாயின்ட்டை ஸ்டீல்ல போட்டோ மேக்கர் அதைச் செஞ்சிடுவார். 58 இன்ச் க்யூவே உன் கையில சின்னதா இருக்கிற மாதிரி தோணும்.

ராப் விஷயம் ரொம்பப் பேர் கவனிக்காதது. ஐரிஷ் லினன் நூலோ தோலோ சுத்தின பிடி, சாதாரணமா ஒரு அடி நீளத்துக்கு இருக்கும். குள்ளமானவங்க பிடி அதோட முன் ஓரத்துலயே போய் விழும். ரெண்டு விரல் நூல் மேல, ரெண்டு விரல் வழுவழு வார்னிஷ் மேல. சென்னை வேர்வையில அந்த வார்னிஷ் கையில ஒட்டும், நூல் ஒட்டாது. ஒவ்வொரு ஸ்ட்ரோக்கும் பாதி வழுக்கி, பாதி பிடிச்சுப் போகும். கஸ்டம்னு காசு கொடுக்கறப்போ ராப்பை நாலு இன்ச் முன்னாடி ஆரம்பிக்கச் சொல்லு, இல்லைன்னா ராப்பே வேண்டாம்னு சொல்லிடு. நான் ரெண்டாவது கட்சி.

நீளம் கூடுதலா இருக்கிற க்யூவுல ஒரே தொந்தரவு, பட் போய் இடுப்புலயும் துணியிலயும் சிக்கறது. லூஸ் குர்தா, துப்பட்டாவோட ஆடப் போகாதே. போனா துப்பட்டாவைக் குறுக்கா கட்டிக்கோ. துணி பந்துல பட்டாலும் ஃபவுல்தான், அதுல பாவம் பார்க்க மாட்டாங்க.

வளர்ற பிள்ளைங்களுக்குக் கஸ்டம் க்யூ பண்ணவே பண்ணாதீங்க. சின்னவங்களுக்குக் கடையில 48, 52 இன்ச்சுல ரெடிமேடா வருது, அது போதும்.

நீளம் வேணும்னா எந்தப் பாதியில?

சரி, படம் பார்த்தாச்சு, கை பம்பரைத் தாண்டித் தொங்குது. பெரும்பாலும் ஆறடி மூணு அங்குலத்துக்கு மேல இருக்கிறவங்களுக்கும், அசல் நீளக் கைக்காரங்களுக்கும்தான் இந்த நிலைமை வரும். பிடிக்குப் பின்னாடி மூணு இன்ச் மிச்சம் வர்ற மாதிரி கணக்குப் போட்டா எவ்வளவு கூட்டணும்னு வந்துடும். அனேகமா ஒண்ணரையோ ரெண்டோ வரும். இங்கதான் நிறைய பேர் கேக்க மறக்கற கேள்வி: அந்த ரெண்டு இன்ச் பட்லயா, ஷாஃப்ட்லயா?

பட்ல கூட்டு. ஷாஃப்ட்டை 29-லயே விடு, மிஞ்சினா 30. தனியா விக்கிற ஷாஃப்ட், கார்பன் ஃபைபரா இருந்தாலும் மேப்பிளா இருந்தாலும், பெரும்பாலும் 29, 30 இன்ச்லதான் வருது. நாளைக்கு நீ கார்பன் ஷாஃப்ட்டுக்கு மாறணும்னு ஆசைப்பட்டா, 31 இன்ச் ஷாஃப்ட்டை நம்பிப் பண்ணின மொத்தக் கணக்கும் கலைஞ்சிடும். நீள மரம் கூடுதலா வளையும், கடல் காத்து ஈரத்துல கோணிக்கறதும் அதுல கொஞ்சம் கூடுதலா தெரியும். பட்ல கூட்டினா இந்த வம்பு இல்லை. ஆனா அங்கயும் எடையைப் பார்த்துக்கோ. ரெண்டு இன்ச் கெட்டி மரம் ஒரு அவுன்ஸ் பக்கத்துல ஏத்திடும். 19 அவுன்ஸ், அதாவது 540 கிராம் கிட்ட, உனக்குப் பழக்கம்னா "மொத்தம் 19-ஏ இருக்கணும்"னு தெளிவா எழுது. உன் கை பின்னாடி போறதால க்யூ முன்பக்கம் சாயற மாதிரி தோணலாம். அதனால சமநிலைப் புள்ளி 19 இன்ச்சைத் தாண்ட வேண்டாம்னு அதையும் சேர்த்து எழுதிடு.

இதை விடச் சுலபமான வழி ஒண்ணு இருக்கு, மேக்கர்கள் அதைத் தானா முன்வந்து சொல்றதில்லை. 58-லயே பண்ணச் சொல்லி, பம்பர் இருக்கிற இடத்துல எக்ஸ்டென்ஷன் திருகற மரை வெச்சுத் தரச் சொல்லு. வேணுங்கறப்போ மாட்டிக்கலாம், வேண்டாங்கறப்போ கழட்டிடலாம். வித்துடணும்னு தோணினாலும் 58-ஐ யார் வேணா வாங்குவாங்க. 61-ஐ உன் மாதிரி இன்னொரு ஒட்டகச்சிவிங்கி வந்தாத்தான் வாங்கும். ஆர்டருக்கு முன்னாடியே நண்பன்கிட்ட எக்ஸ்டென்ஷன் மாட்டின க்யூவைக் கொஞ்ச வாரத்துக்குக் கடன் வாங்கி ஆடிப் பாரு. முதல் நாள் எல்லா நீளமும் நல்லாத்தான் இருக்கும். அவசரமா, அசதியா ஆடற நாள்ல கை தானா எங்க போய்ப் பிடிக்குதுன்னு பாரு, அதுதான் நிஜம்.

தப்பான நீளத்துல வாங்கிட்டேன், வெட்டிக்கலாமான்னு கேக்கறவங்களுக்கு: மரவேலை ஆசாரிகிட்ட எடுத்துட்டுப் போகாதீங்க. பட் முனைக்குள்ள போல்ட்டும் மரையும் உக்காந்திருக்கும். ரம்பம் வெச்சா க்யூவும் போச்சு, ரம்பமும் போச்சு. லேத் வெச்சிருக்கிற க்யூ மெக்கானிக் செய்யற வேலை அது.

சுவர், பை, விமானம்

வீட்டுல மேஜை போட்டிருக்கிறவங்க முதல்ல ரூமை அளங்க. 9 அடி மேஜையோட 50 இன்ச் அகலத்துக்கு ரெண்டு பக்கமும் 58 சேர்த்தா 166 இன்ச், 13 அடி 10 அங்குலம். நீள வாக்குல அதே கணக்கு 18 அடி. இதுல கையைப் பின்னாடி இழுக்க இடமே சேர்க்கலை. 60 இன்ச் க்யூவுக்குப் போனா ரெண்டு பக்கமும் சேர்த்து இன்னொரு நாலு அங்குலம் தேவை. நம்ம ஊர் பார்லர்கள் நிறைய, கடைக்காகவோ குடோனுக்காகவோ கட்டின மாடியில நடக்குது. மேஜை மூலையிலேருந்து ஒண்ணரை கஜத்துல தூண் நிக்கும். தூணைப் பார்த்தாலே தெரியும், க்யூ பம்பர் இடிச்சு இடிச்சு இடுப்பு உயரத்துல கறுப்பா வட்டத் தழும்பு விழுந்திருக்கும். நீ எப்பவும் ஆடற இடம் அப்படின்னா, கூடுதல் ரெண்டு இன்ச்சுக்குக் காசு கொடுத்து வாங்கின க்யூவை ஓரமா வெச்சுட்டு, பாதி ஷாட்டை பார்லரோட குட்டை ஸ்டிக்ல அடிக்க வேண்டியிருக்கும். இதையும் யோசி.

பைகளோட உள்ளளவு பெரும்பாலும் 29, 30 இன்ச் துண்டுகளுக்குத்தான் பண்ணியிருப்பாங்க. 31 இன்ச் பட் பண்ணினா ஜிப் மூடாது; எக்ஸ்டென்ஷனோட வைக்கிற நீளப் பை தனியா வாங்கணும். ஊருக்குப் போறப்போ க்யூவை விமான கேபின்ல விட மாட்டாங்க, செக்-இன் லக்கேஜ்லதான் போகணும். அதனால மெத்துமெத்துன்னு இருக்கிற துணிப்பை வேண்டாம், கெட்டிப் பெட்டியா பாரு. வெயில்ல நிக்கிற கார் டிக்கியில மட்டும் எந்த நீள க்யூவையும் விட்டுட்டுப் போகாதே.

ஆர்டர் எழுதும்போது "நீளம் 59"னு மட்டும் எழுதினா சண்டைக்கு வழி வைக்கிறே. ஒருத்தர் பம்பரைச் சேர்த்து அளப்பார், ஒருத்தர் விட்டுட்டு அளப்பார். "மாட்டின நிலையில, டிப் உச்சியிலேருந்து பம்பர் அடி வரைக்கும் 59, பட் 30, ஷாஃப்ட் 29, ரெண்டு ஷாஃப்ட் வாங்கினா ரெண்டும் ஒரே நீளம், ஒரே ஜாயின்ட், மொத்த எடை இவ்வளவு, சமநிலைப் புள்ளி பம்பர்லேருந்து இவ்வளவு"ன்னு ஒரே மெயில்ல எழுதி, அவரையும் அதே மெயில்ல சரின்னு சொல்ல வை. போன்ல பேசினது எதுவும் கணக்குல வராது.

க்யூ வந்து சேர்ந்ததும் பெட்டியைப் பிரிச்சு ஒரு நாள் ரூம்ல அப்படியே கிடக்க விடு, ஊர்க் காத்து பழகட்டும். அப்புறம் டேப்பை எடுத்து மெயில்ல இருக்கிற ஒவ்வொரு அளவையும் சரி பாரு. ஷாஃப்ட்டைத் தனியா, மாட்டின க்யூவைத் தனியா மேஜை மேல உருட்டிப் பாரு. டிப் எழும்பி எழும்பி விழுந்தா மரம் கோணல். ரெண்டு ஷாஃப்ட்டையும் ஜாயின்ட் பக்கம் ஒட்டி நிறுத்தி, டிப் உசரம் ஒண்ணா இருக்கான்னு பாரு. வித்தியாசம் தெரிஞ்சா அன்னிக்கே படத்தோட மேக்கருக்கு எழுது. ஆடி, ஷாஃப்ட்ல சாக் நீலம் ஏறினதுக்கப்புறம் சொன்னா யாரும் காதுல வாங்க மாட்டாங்க.